பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டலாமா? அவசரம், மூன்று வாரம்தான் இருக்கிறது

ஸ்டோர்ரூம்_காவல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு பழைய கல்லூரியின் வரலாற்றுத் துறையில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறேன். கல்லூரி பெயரைக் கேட்காதீர்கள், ஒப்பந்தம் இன்னும் நான்கு மாதம் பாக்கி. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். எம்.ஏ. வரலாறு. தொல்லியல் ஒரே ஒரு பேப்பர், அதில் 54 மார்க். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதைக் கேட்கிறேன்.

எங்கள் துறையில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. சாவி தொலைந்து பல வருடம் ஆகிறதாம். ஆய்வுக்குழு வருகிறது என்றதும் பூட்டை உடைத்தார்கள். உள்ளே பதினொரு மரப்பெட்டி, ஒரு இரும்பு பீரோ. 1960, 70-களில் இங்கே இருந்த ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓசூர், கோலார், நீலகிரி என்று அலைந்து சேர்த்தவை. அவர் காலமாகிவிட்டார். பெட்டிகளில் பெருங்கற்காலப் பானைகளும் ஓடுகளும். பீரோவில் பழங்குடி மக்களின் பொருட்கள்: மூங்கில் கூடைகள், ஒரு புல்லாங்குழல், மீன் பிடிக்கும் கூண்டு, தோடர்களின் பூவேலைச் சால்வை ஒன்று.

துறைத் தலைவர் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாத்தையும் நல்லா கழுவி, மார்க்கர்ல புது நம்பர் போட்டு, ஷோகேஸ்ல அடுக்கிடுங்க. பளிச்சுனு இருக்கணும்."

அட்டெண்டர் ஒரு கன்னடப் பெரியவர், தங்கமான மனுஷர். அன்றைக்கே இரண்டு பக்கெட் தண்ணீர், சர்ஃப் பாக்கெட், தேங்காய் நார் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு "தொளெயோணா மேடம்?" என்று நின்றார்.

முதல் பெட்டியில் மேலே இருந்த பானையைப் பிரித்தோம். சுற்றியிருந்தது பழைய செய்தித்தாள், தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பானை கைக்கு அடங்கும் அளவு. வாய்ப்பக்கமும் உள்ளும் கருப்பு, கீழே சிவப்பு. மேலே ஒரு வழவழப்பு, டியூப்லைட் வெளிச்சம் அதில் ஒரு கோடாகத் தெரிந்தது. பாதி வரைக்கும் உள்ளே மண், காய்ந்து கெட்டியாக. அந்த மண்மேல் பஸ் டிக்கெட் அளவில் ஒரு சீட்டு, பென்சில் எழுத்து: குழி 2, 3 அடி 4 அங்குலம், தாழியின் உள்ளே. அதற்குக் கீழே ஊர்ப் பெயர். ஒரு மூலையைப் பூச்சி தின்றதில் "பள்ளி" என்ற முடிவு மட்டும் மிச்சம். (ஓசூர் பக்கம் "பள்ளி" என்று முடியும் ஊர்களை எண்ணவே ஒரு நாள் ஆகும்.)

பெரியவர் பானையைச் சாய்த்து, மண்ணைத் துளசித் தொட்டியில் கொட்டப் போனார். நான் கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

அந்த மண்ணை வைத்திருக்க வேண்டுமா, இல்லை நான் வீணாகப் பதறுகிறேனா? சில பானைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, அது பூஞ்சையா? ஒரு செம்பு வளையம் பச்சை பிடித்துக் கிடக்கிறது, பெரியவர் புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார், அவர் வீட்டுக் குத்துவிளக்கு அப்படித்தான் மின்னுகிறதாம். ஒரு பிஸ்கட் டின்னில் எலும்புத் துண்டுகளும் பற்களும் இருக்கின்றன, அதைத் திறந்ததோடு மூடிவிட்டேன். தோடர் சால்வை மடிப்புகளில் ஏதோ வெள்ளைப் பொடி.

எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது எங்கள் ஊரே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தது. நானும் வைத்தேன். இப்போது அதே மாதிரிப் பொருள் ஒரு பெட்டி நிறைய என் கையில் இருக்கும்போது கை நடுங்குகிறது.


வீட்டுக்குறிப்பு எழுதியது:

வெள்ளைப் படலம் உப்புக்கறைதான். வினிகரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். எங்கள் வீட்டு பாத்ரூம் டைல்ஸுக்கு அப்படித்தான் செய்கிறோம்.


அல்சூர்_பெரியவர் எழுதியது:

மேலே எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து செய்துவிடாதே அம்மா. பாத்ரூம் டைல்ஸ் வேறு, இது வேறு.

நான் ஓர் அருங்காட்சியகத்தின் கிடங்கில் 31 வருடம் வேலை பார்த்தவன். இப்போது அல்சூரில் மகள் வீட்டில் பேத்தியை ஸ்கூல் வேன் ஏற்றிவிடுவதுதான் உத்தியோகம். நேரம் நிறைய இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மண். நீ கத்தியது சரி. பானையைவிட அந்த மண் பேசும். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அதைச் சோதனைக்கு அனுப்பித்தான் கி.மு. 1155 என்ற காலம் வந்தது, 2021-இல் அறிவித்தார்கள். அந்தத் தாழியை யாராவது பளிச்சென்று கழுவி ஷோகேஸில் வைத்திருந்தால் நெல்லும் இல்லை, காலமும் இல்லை, அழகான தாழி மட்டும் இருக்கும். உமி, கரித்துண்டு, கண்ணுக்கே தெரியாத தாவரச் சிலிக்கா எல்லாம் மண்ணில்தான் தங்கும். அதனால் பானையின் வாயைக் காடாத் துணியால் மூடி, துணியைக் கழுத்தில் நாடாவால் கட்டி, நிமிர்த்தியே வை. காடாவைச் சிக்பேட்டையில் வாங்கு. வாங்கியதும் இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்கிவிடு. கஞ்சி இருந்தால் பூச்சிக்கு விருந்து.

வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறிய உப்பு. ஈரம் கூடினால் உப்பு கரைந்து உள்ளே போகும், காய்ந்தால் மேலே வந்து படிகமாகும். இப்படிப் போய் வந்து போய் வந்துதான் பானையின் மேல்தோல் செதிலாகக் கழன்று விழும். வினிகர் அமிலம், பானையில் சுண்ணாம்புத் தன்மை எங்கே இருந்தாலும் அரித்துவிடும். குழாய்த் தண்ணீர் புதிதாக உப்பைக் கொடுக்கும். முறையாக எடுக்க வேண்டுமானால் உப்பில்லாத தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, அதில் எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று அளந்துகொண்டே போவார்கள். சரியாக வேகாத பானையாக இருந்தால் ஊறவைத்ததும் சேறாகிவிடும், அதனால் உன் வேலை அது இல்லை. படிக்கட்டு அறையை விட்டு வெளியே எடுத்து, சுவரோரம் ஒட்டாமல், வெயில் படாத அறையில் வை. போதும்.

வளையத்துக்குப் புளி போடாதே. பச்சை கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் அது வளையத்துக்குப் போர்வை மாதிரி, இருக்கட்டும். வெளிர் பச்சையாக, விரல் பட்டால் பொடி ஒட்டுகிற மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தால் அது நோய். உள்ளே இருக்கும் குளோரைடு காற்றின் ஈரத்தைக் குடித்துச் செம்பைத் தின்றுகொண்டே போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு தனியாக வை. குத்துவிளக்கு நம் கையில் தினமும் இருப்பது, தேய்ந்தால் வேறு வாங்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே ஒரு வேதியியல் கூடம் தொடங்கினார்கள், நோய் பிடித்த வெண்கலச் சிலைகளுக்கு வைத்தியம் பார்க்கத்தான். அவ்வளவு பழைய தொந்தரவு இது.

இப்போது முக்கியமான விஷயம், நீ கேட்காதது. அந்தச் சீட்டு.

எங்கள் கிடங்கில் ஒரு மழைக்காலம் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பானைகள் எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன, மூவாயிரம் வருடம் மண்ணுக்குள் இருந்தவற்றுக்கு ஒரு ராத்திரித் தண்ணீர் என்ன செய்யும்? ஆனால் தண்ணீர்மேல் சீட்டுகள் மிதந்துகொண்டிருந்தன, கல்யாண வீட்டு வாசலில் பூ மாதிரி. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடியில் காயப் போட்டோம். எழுத்து இருந்தது, எந்தப் பானையின் சீட்டு என்றுதான் தெரியவில்லை. ஒரே காலையில் அறுபது பானை ஊர் பேர் தெரியாத பானை ஆகிவிட்டது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தவர். எடுத்த ஒவ்வொரு கல்லும் எந்த ஊர் என்று எழுதி வைத்தார். 1904-இல் அந்தச் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவர் எழுதிய பட்டியல் அவர் இறந்த பிறகு 1914, 1916-இல் அச்சானது. அதே 1863-இல் அவர் பார்த்த அத்திரம்பாக்கத்துக்கு 1999-இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு போய் மறுபடி தோண்டத் தொடங்கினார். அங்குள்ள கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருடம் என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஊர் பெயர் எழுதாமல் "கல், 1" என்று மார்க்கரில் எழுதியிருந்தால் எந்த ஊருக்குப் போவது?

அதனால் கழுவுவதற்கு முன்னால் இல்லை, கழுவுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பொருளையும் இருக்கிற இடத்திலேயே போட்டோ எடு. பெட்டி எண், அடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாம். சீட்டை ஜிப் கவரில் போட்டு அந்தப் பானையோடேயே வை. பழைய எண்ணை அழிக்காதே. புது எண் வேண்டுமானால் மார்க்கர் கூடவே கூடாது, மை ஓட்டுக்குள் இறங்கிவிடும். பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, அடிப்பக்கம் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு விரல்நகம் அளவு பூசி, காய்ந்ததும் அதன்மேல் இந்தியன் இங்கில் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. என்றைக்கு வேண்டாமோ அன்றைக்கு அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் போய்விடும். நெயில் பாலிஷ் போடலாம் என்று யாராவது இங்கே எழுதுவார்கள் பார். அது மஞ்சளாகி உரிந்து விழும், எண்ணையும் கூட்டிக்கொண்டு.

எலும்பு டின்னை இனி வெறுங்கையால் தொடாதே. பற்களில் மரபணு கிடைக்க வாய்ப்பு உண்டு, நம் ஊர் வெயிலுக்கு அது தப்பிப் பிழைப்பதே அரிது, அதில் உன் கைரேகையும் சேர வேண்டாம். ஃபெவிகால் போட்டு ஒட்டாதே. ஷோகேஸில் வைக்காதே. அது ஒருவருடைய அப்பாவோ பாட்டியோ, காட்சிக்கு இல்லை.


ஸ்டோர்ரூம்_காவல் எழுதியது:

ஐயா, இதைப் பிரிண்ட் எடுத்துத் துறைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டேன். உங்கள் பெயர் இல்லை, பயப்படாதீர்கள்.

அவர் படித்துவிட்டு, "சரி, கழுவ வேண்டாம், தூசி தட்டுங்க" என்றார். அப்புறம் போகிறபோக்கில் ஒரு குண்டு போட்டார். விழாவுக்கு வரும் சீஃப் கெஸ்ட் இங்கே படித்தவராம், இப்போது அமெரிக்காவில் இருக்கிறாராம். "ஒரே மாதிரி நாலு கிண்ணம் இருக்கே, ஒண்ணை பாக்ஸ்ல வச்சு மெமெண்டோவா குடுத்துடலாமா?"

எனக்கு வாயே வரவில்லை. இதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா?


கோர்ட்டு_வாசல் எழுதியது:

இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைச் செல்வங்கள் சட்டம். 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு வருடம் தாண்டிய பானையும் அதில் தொல்பொருள்தான், உடைந்திருந்தாலும் சரி, ஒரே மாதிரி நாலு இருந்தாலும் சரி. மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, கூடவே அபராதம். விமான நிலையத்தில் மாட்டப்போவது சீஃப் கெஸ்ட்தான் என்று சொல்லிப் பாருங்கள். சன்னபட்டணத்துப் பொம்மை வாங்கிக் கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி.


கூடைக்காரி_டெல்லி எழுதியது:

பானைக்குப் பெரியவர் இருக்கிறார், நான் பீரோவுக்கு வருகிறேன். டெல்லியில் துணி, மூங்கில், தோல் பொருட்களைப் பாதுகாக்கும் வேலை எனக்கு.

அக்கா, முதல் காரியம் கையுறையும் முகக்கவசமும். சால்வை மடிப்பில் இருக்கும் பொடி பாச்சை உருண்டையாக இருக்கலாம், டிடிடியாக இருக்கலாம், ஆர்சனிக்காகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே இனவியல் சேகரிப்புகளுக்குப் பூச்சி வராமல் இருக்க இவற்றைத் தாராளமாகத் தூவினார்கள். எதைத் தூவினோம் என்று எழுதி வைத்தவர்கள் குறைவு. சோதித்துப் பார்க்கும் வரை விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உதறாதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். மாணவர்கள் தோளில் போட்டு செல்ஃபி எடுக்க விடாதீர்கள், கட்டாயம் யாராவது கேட்பார்கள். பாலிதீனில் மூடி, "பொடி உள்ளது, தொடாதே" என்று மேலே எழுதிவையுங்கள்.

மூங்கில் கூடைகளுக்கு அடியில் கருப்புத் தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். மைதா மாதிரி பொடி விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மருந்து அடிக்க வேண்டாம். காற்றை வெளியேற்றி பாலிதீனில் சுற்றி, டேப் ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் அவ்வளவு இறங்குமா என்பது சந்தேகம், ஐஸ்கிரீம் கடை டீப் ஃப்ரீசர் வேண்டும். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் கவரைப் பிரிக்காதீர்கள். வியர்வை கவருக்கு வெளியே பூக்கட்டும், கூடைமேல் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பொடி தூவிய பொருள் எதுவும் சாப்பாட்டுச் சாமான் வைக்கும் ஃப்ரீசருக்குள் போகக் கூடாது.

இன்னொன்று. அந்தக் கூடை யாருடையது, என்ன பெயர் சொல்வார்கள் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? "பழங்குடிக் கூடை" என்று மட்டும் இருந்தால் அது பெரியவர் சொன்ன மிதந்த சீட்டுக் கதைதான். நீலகிரியில் அதை இன்றைக்கும் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். போட்டோவைக் காட்டிக் கேட்டால் பெயர், எந்த மாதத்தில் மூங்கில் வெட்டுவது, எதை அள்ளுவது எல்லாம் சொல்வார்கள். பானைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உங்களுக்குப் பக்கத்திலேயே மைசூரில், லக்னோவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் மண்டலக் கிளை இருக்கிறது. துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போடுங்கள்.


ஸ்டோர்ரூம்_காவல் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆய்வுக்குழு வந்து போய்விட்டது. அந்த அறைக்கு நான்கு நிமிடம் ஒதுக்கினார்கள், அதில் ஒரு நிமிடம் போட்டோ.

சீஃப் கெஸ்ட்டுக்குச் சன்னபட்டணத்து ஆடுகுதிரை. மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்.

பெட்டிகளில் நான்கைத்தான் இதுவரை முடித்திருக்கிறேன். எங்கள் அட்டெண்டர் பெரியவர்தான் போட்டோவுக்கு அளவுகோல் பிடிக்கிறார். காடாத் துணி கட்டிய பானைகளைப் பார்த்து, "ஊறுகாய் ஜாடி போல இருக்கு" என்று அவர் சொன்னது உண்மைதான், எங்கள் அறையைப் பார்த்தால் மாவடு சீசன் மாதிரி இருக்கிறது. கூடையில் ஒன்றுக்கு மட்டும் அடியில் பொடி விழுந்தது. கேண்டீன் அண்ணன் திருவண்ணாமலைக்காரர், மூலையில் சும்மா கிடந்த டீப் ஃப்ரீசரைக் கொடுத்தார். "கூடைக்குக் காய்ச்சலா?" என்று தினமும் விசாரிக்கிறார். சால்வை பாலிதீனுக்குள் அப்படியே இருக்கிறது. மைசூருக்குக் கடிதம் போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

எழுத வேண்டும் என்று நினைத்தது வேறு. பீரோவை நகர்த்தும்போது அது ஆடியது. ஒரு காலுக்கு அடியில் எதையோ மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். இழுத்துப் பார்த்தால் இரண்டு நீள நோட்டு, அட்டையில் பீரோக் காலின் வட்டத் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பேராசிரியரின் களக் குறிப்பு. பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார், முட்டுக் கொடுத்தவரே அவர்தானாம், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

குழி 2 அதில் இருக்கிறது. பென்சிலில் படம்: தாழி, அதற்குள் எந்தப் பானை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, இரும்புக் கத்தி எங்கே, பற்கள் எங்கே. "பள்ளி"க்கு முன்னால் இருந்த ஊர்ப் பெயரும் முழுதாகக் கிடைத்துவிட்டது. இங்கே எழுத மாட்டேன். கல்வட்டம் (பழைய புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) இருக்கும் ஊரின் பெயரைப் பொதுவில் போட்டால் புதையல் தேடுகிறவர்கள் கடப்பாரையோடு போய்விடுவார்கள் என்று அல்சூர் ஐயா தனிமடலில் எச்சரித்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சின்ன வயதில் அந்த வழியாகத்தான் அத்தை வீட்டுக்குப் போவோம், "பாண்டவர் குழி" என்று அத்தை ஜன்னல் வழியாகக் காட்டுவாள்.

படத்தில் தாழிக்குள் ஒன்பது பானை. பெட்டியில் ஆறுதான் இருக்கிறது. இன்னும் ஏழு பெட்டி பிரிக்கவில்லை, அதில் இருக்கலாம். ஏழாவது பானை என்று அவர் குறித்ததன் தோளில் ஒரு கீறல் குறியீடு வரைந்திருக்கிறார்: ஏணி மாதிரி இரண்டு கோடு, நடுவே நான்கு படி, மேல்முனையில் சின்ன அம்பு. சுட்ட பிறகு கீறியது போல இருக்கிறது என்று பக்கத்தில் எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கப் பானைகளில் யாராவது இப்படி அம்பு வைத்த ஏணி பார்த்திருக்கிறீர்களா?